பசுங்கட்டட இலக்கணம்: கொழும்புப் பாடம்

பாயிரம்

எந்த நூலுக்கும் எல்லை சொல்லித்தான் தொடங்கவேண்டும் என்பது பழைய ஒழுங்கு. இந்நூலுக்கு வடக்கே களனி கங்கை, தெற்கே தெகிவளைக் கால்வாய், மேற்கே கடல், கிழக்கே தியவன்னா வாவி. இந்த நான்கெல்லைக்குள் ‘நிலைபேறான கட்டடம்’, ‘பசுமைத் தளம்’ என்று பெயர் சூட்டப்பட்டவற்றையும், சூட்டப்படாமலே அப்படி இருப்பவற்றையும் சுற்றிப்பார்க்க விரும்புவோர்க்கு வகுத்தும் தொகுத்தும் சொல்வது இதன் நோக்கம். கேட்போர் யாவரெனின், வெள்ளவத்தையில் வேன் பிடித்துக் குடும்பமாகக் கிளம்புவோர், ரொறன்ரோவிலிருந்து லீவில் வந்து “கொழும்பில பார்க்க என்ன இருக்கு?” என்று கேட்போர், கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள், அவர்களோடு வேறு அலுவல் இல்லாமல் சேர்ந்து வரும் சித்தப்பாமார். பயன் யாதெனின், மின்கட்டணம் குறையாது. ஏன் குறையவில்லை என்பது விளங்கும்.

வகையியல்

முன்னூலார் கட்டடங்களை உயர்திணை, அஃறிணை என இரண்டாகப் பகுத்தனர். 12 மாடிக்கு மேற்பட்டது உயர்திணை, ஏனையவை அஃறிணை. இப்பகுப்பு விற்பனை முகவர்களுக்குத்தான் உதவும். மாடிக் கணக்கு விலையைக் காட்டும், வேறொன்றையும் காட்டாது. பின்வந்தோர் இலையை அளவாகக் கொண்டனர். வெளிச்சுவரில் செடி தெரிந்தால் பசுமை, தெரியாவிட்டால் வெறும் கொங்கிரீட். இதுவும் பொருந்தாது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் பாசி பிடிக்காத மதில் ஏது? ஒவ்வொரு மதிலுக்கும் விருது கொடுக்கவேண்டி வரும்.

ஆகவே நாம் கொள்ளும் உரைகல் வேறு. 2022 மார்ச் 31ஆம் திகதி நாடெங்கும் 13 மணிநேர மின்வெட்டு. டீசலுக்கும் தட்டுப்பாடு, ஆதலால் ஜெனரேட்டரை நம்பியவரும் கைவிடப்பட்டனர். அந்த மாதங்களில் கொழும்பின் கட்டடங்கள் எல்லாம் விரும்பியோ விரும்பாமலோ ஒரே பரீட்சைக்கு உட்கார்ந்தன. லிஃப்ட் நின்றது. கீழ்த்தொட்டியிலிருந்து மொட்டைமாடித் தாங்கிக்கு நீரேற்றும் மோட்டர் நின்றது. மேல்மாடிக்காரர் வாளியோடு படியிறங்கினர். திறக்கும் ஜன்னலே வைக்காமல் கண்ணாடி அடைத்துக் கட்டிய அறைகளில் ஏசி நின்றபின் மனிதர் இருக்க ஏலாது என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இருந்த சனம் பனையோலை விசிறியும் பிள்ளைகளுமாக இறங்கி மரைன் டிரைவ் பக்கம் காற்றுத் தேடிப் போனது. வேறு சில கட்டடங்களிலோ ஆட்கள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

இதிலிருந்து பெறப்படும் விதி: கரண்ட் போய் ஓரிரு மணித்தியாலத்தில் உள்ளே இருப்பவர் வெளியே வந்தால் அக்கட்டடம் ஒரு வகை, வெளியே நிற்பவர் உள்ளே போனால் மறு வகை. ஏனைய இலக்கணமெல்லாம் இதன் விரிவே.

முதலாவது, காட்சிப் பச்சை. தூரத்திலிருந்து பார்க்கும்போதே பச்சை என்று தெரிவது. மிலான் நகரில் 2014இல் இரட்டைக் கோபுரங்களின் பல்கனிகளில் மரம் வளர்த்துக் காட்டியபின் உலகமெங்கும் இதற்கு மவுசு. கொழும்புப் பக்கத்து உதாரணம் ராஜகிரியவில் நிற்கும் கிளியர்பொயின்ற் தொடர்மாடி. உயரம் ஏறக்குறைய 185 மீற்றர். ஒவ்வொரு மாடியிலும் சுற்றிவரச் செடித்தொட்டி. உலகின் மிக உயரமான செங்குத்துத் தோட்டம் என்று கட்டும்போதே செய்தி பரவியது. இவ்வகையை இகழ்ந்துவிடுதல் எளிது, ஆனால் முறையன்று. மேற்குச் சுவரில் பின்னேர வெயில் நேரே விழுவதற்கும் இலையில் பட்டு விழுவதற்கும் வித்தியாசம் உண்டு. குளித்த தண்ணீரைச் செடிக்கு விடுவது நல்ல யோசனை. குறை எங்கே எனின், தரையில் நிற்கும் மரத்துக்கு மழை தானாக வந்து சேரும். நாற்பதாம் மாடி மரத்துக்குக் குழாயும் மோட்டரும் கத்தரிக்க ஆளும் வேண்டும். மரம் வளர்ப்பதற்கே மின்சாரம் கேட்கும் தோட்டம் இது.

காட்சிப் பச்சையின் சிற்றினம் ஒன்று வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ஏராளம். இரண்டடிப் பல்கனி. அதில் ஒரு துளசி, ஒரு கற்றாழை, ஒரு மணிபிளான்ற், ஒரு கறிவேப்பிலை. பக்கத்திலேயே ஏசியின் வெளிப்பெட்டி இருந்து செடியின் முகத்துக்கு நேரே வெக்கையை ஊதும். மேற்குப் பக்கம் கடல் என்பதால் உப்புக்காற்று பெட்டியின் தகட்டை அரித்துக்கொண்டிருக்கும். ஜன்னல் கிறில்லில் துரு வடிந்த கோடு சுவரில் இறங்கியிருக்கும். இத்தனைக்கும் நடுவே ஒரு அன்ரி ஏசியின் நீர்க்குழாயை நல்லெண்ணெய்க் கானுக்குள் விட்டு, நிறைந்ததும் அதைக் கறிவேப்பிலைக்கு ஊற்றுவார். கொழும்புக் காற்றில் ஈரம் அதிகம், ஆதலால் ஒரு இரவுக்குள் கான் நிறையும். ஏசி போட்டால்தான் கறிவேப்பிலை தழைக்கும். இதைக் காட்சிப் பச்சையில் சேர்ப்பதா, பின்னால் வரும் கட்டாயப் பச்சையில் சேர்ப்பதா என்பதில் உரையாசிரியர்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. அன்ரியைக் கேட்டால், “அதை ஏன் தம்பி வீணா ஊத்துவான்?” என்பார். அவ்வளவே அவர் கொள்கை.

இரண்டாவது, சான்றிதழ்ப் பச்சை. இது கண்ணுக்குத் தெரியாது. வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கும். அமெரிக்காவில் பிறந்த லீட் முறையில் மொத்தம் 110 புள்ளி. 40 எடுத்தால் சித்தி, 50க்கு வெள்ளி, 60க்குத் தங்கம், 80க்குப் பிளாற்றினம். இலங்கைப் பசுமைக் கட்டடப் பேரவைக்கும் சொந்தமாக ஒரு தரப்படுத்தல் உண்டு. புள்ளி போடும் பழக்கத்தில் நன்மை இல்லாமலில்லை. தண்ணீர், மின்சாரம், வெளிச்சம், கழிவு என்று ஒவ்வொன்றையும் அளக்க வைக்கிறது. அளக்காத பொருளைக் குறைக்கவும் முடியாது. ஆயினும் சைக்கிள் நிறுத்த இடம் வைத்தாலும் புள்ளி கிடைக்கும். காலி வீதியில் சைக்கிளில் போகத் துணிந்தவருக்கு உண்மையில் வேறொரு சான்றிதழ் கொடுக்கவேண்டும்.

இவ்வகையில் நம் நாட்டின் தலைசிறந்த உதாரணம் நமது எல்லைக்கு வெளியே, சீதுவையில் இருக்கிறது. பிராண்டிக்ஸ் நிறுவனத்தின் ஆடைத் தொழிற்சாலை 2008இல் லீட் பிளாற்றினம் பெற்றது; உலகில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றுக்கு அது கிடைத்தது அதுவே முதன்முறை. அதில் பலர் கவனிக்காத செய்தி ஒன்றுண்டு: அது புதிதாகக் கட்டியதன்று. பழைய தொழிற்சாலையைத் திருத்தியெடுத்தது. சீமெந்தும் இரும்பும் உருவாகும்போதே எரிந்து தீர்ந்த எரிபொருளைக் கணக்கில் எடுத்தால், நிற்கும் கட்டடத்தை நிற்கவிடுவதே பெரிய சிக்கனம்.

வெள்ளவத்தைக்கு இந்தக் கணக்குத் தெரியாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய நூற்பு நெசவு ஆலை இருந்த பெரிய நிலத்தில் இன்று ஹெவ்லொக் சிற்றியின் கோபுரங்கள் நிற்கின்றன. அது பெரிய கதை. சிறிய கதைகள் ஒழுங்கைக்கு ஒழுங்கை நடந்தன. முன்விறாந்தை, உயர்ந்த ஓட்டுக்கூரை, சுவரின் மேல்பக்கம் மரச்சட்டக் காற்றுத்துளை, பின்னால் ஒரு மாமரம், ஒரு கிணறு என்றிருந்த வீடுகள் ஒவ்வொன்றாக விழுந்து, அந்த இடத்தில் எட்டு மாடி எழுந்தது. 1983க்குப் பின்னும் 1995க்குப் பின்னும் வடக்கிலிருந்து வந்த சனத்துக்கு இருக்க இடம் வேண்டியிருந்தது. ஆகவே மாடி கட்டியதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. மாமரத்தையும் கிணற்றையும் மூடிவிட்டு, மேலே இரண்டு சூரியத் தகடு பூட்டி, ‘கிரீன்’ என்ற சொல்லைப் பெயர்ப்பலகையில் போடுவதைச் சொல்லலாம்.

காற்று

மூன்றாவது வகையே இந்நூலின் நெஞ்சு, ஆகவே நின்று சொல்லவேண்டும். இதன் பெயர் காற்றுப் பச்சை. கொழும்பின் வெப்பநிலை வருடம் முழுக்கப் பெரிதாக மாறுவதில்லை. 27 பாகை செல்சியஸை ஒட்டி நிற்கும். அந்த எண்ணைப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. இங்கே வெக்கை வெப்பமானியில் இல்லை, வேர்வையில் இருக்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வேர்வை உலராது. உலர வைக்க ஒரே வழி காற்றோட்டம். ஆகவே கொழும்பில் நல்ல கட்டடம் என்பது காற்றுக்கு வழிவிட்டு வெயிலுக்கு வழிமறிப்பது. இந்த ஒரு வரியை விளங்கிக்கொண்டவர் இங்கு அதிகமில்லை. விளங்கிக்கொண்டவர்களில் தலையானவர் ஜெப்ரி பாவா (1919–2003).

யூனியன் பிளேஸ் பக்கம் ஹைட் பார்க் கோர்னரில் ஒடுங்கலாக ஒரு 12 மாடிக் கட்டடம் நிற்கிறது. 1970களின் பிற்பகுதியில் அரச ஈட்டு வங்கிக்கென்று பாவா வரைந்தது; மகாவலி கட்டடம் என்றால் பஸ் கொண்டக்டருக்கும் தெரியும். பார்த்தவுடன் யாரும் மயங்கிவிழ மாட்டார்கள். செடி இல்லை, பளபளப்பு இல்லை. ஆனால் அதன் ஒடுக்கத்தில்தான் விஷயம் இருக்கிறது. கட்டடம் அகலமாக இருந்தால் நடுவில் இருக்கும் மேசைக்கு வெளிச்சமும் வராது, காற்றும் வராது. குழல்விளக்கும் ஏசியும் தேவைப்படும். ஒடுங்கியிருந்தால் சோழகம் ஒரு பக்கத்தால் புகுந்து மறுபக்கத்தால் வெளியேறும். மாரியில் வாடை எதிர்ப்பக்கத்தால் அதே வேலையைச் செய்யும். மழை பெய்யும்போது ஜன்னலைச் சாத்தினாலும் காற்று நின்றுவிடாதபடி ஜன்னலின் கீழே தனியான காற்றுத்துளைகள். உயர்ந்த அலுவலகக் கட்டடம் என்றால் கண்ணாடிப் பெட்டி என்று உலகம் முடிவெடுத்திருந்த காலத்தில், ஏசியை நம்பாமல் 12 மாடி எழுப்பலாம் என்று ஒருவர் கொழும்பில் செய்து காட்டியிருக்கிறார். சுற்றுலா வேன்கள் இதைக் கடந்து தாமரைக் கோபுரம் பார்க்கப் போகின்றன.

வாசலில் நிகழும் உரையாடலின் பொது இலக்கணம் வருமாறு:

“ஐயா, என்ன அலுவல்?”

“ஒரு அலுவலும் இல்லைத் தம்பி. காத்து எப்பிடி வருகுதெண்டு பார்க்க வந்தனாங்கள்.”

“காத்து வெளியிலயும் வருகுதுதானே ஐயா?”

“வெளியில வாறது வேற, உள்ளுக்க வாறது வேற. ஒரு நாலைஞ்சு மாடி ஏறிப் பார்க்கலாமோ?”

இவ்விடத்தில் கூட வந்த சித்தப்பா கையைப் பிடித்து இழுப்பார். “நாலாம் மாடி எல்லாம் வேண்டாம். மூண்டோட இறங்குவம்.” கொழும்பில் வாழ்ந்த தமிழருக்கு நாலாம் மாடி என்பது எண்ணுப்பெயர் மட்டும் அன்று. இதற்கு உரை வேண்டா.

பாவாவின் சொந்த வீடு கொள்ளுப்பிட்டியில், பகதலே வீதியிலிருந்து பிரியும் 33ஆம் ஒழுங்கையில், 11ஆம் இலக்கம். வழக்கறிஞராகத் தொடங்கிக் கட்டடக்கலைக்கு மாறிய மனிதர். 1958இல் வரிசையாக இருந்த நான்கு சிறிய வீடுகளில் ஒன்றை எடுத்து, பத்து வருடத்தில் நான்கையும் தன்னுடையதாக்கி ஒன்றோடொன்று கோத்தார். இடிக்கவில்லை, கோத்தார், இது முக்கியம். உள்ளே நடந்தால் திடீர் திடீரென்று கூரை இல்லாத இடங்கள் வரும். சில இடம் ஒரு பாய் விரிக்கும் அளவுதான். அவற்றின் வழியே வெளிச்சம் இறங்குகிறது, சூடான காற்று ஏறிப்போகிறது, போன இடத்தை நிரப்பக் கீழே புதுக்காற்று வருகிறது. மழை வந்தால் வீட்டுக்குள்ளேயே பெய்யும். வீட்டை அவரது பெயரிலான அறக்கட்டளை பராமரிக்கிறது. முன்பதிவு செய்தால் அழைத்துக் காட்டுவார்கள்.

இந்த முற்றங்களைக் கண்டதும் பார்வையாளரில் ஒரு சாரார் பேசத் தொடங்குவர். இவர்களுக்கு ‘அப்பவேயார்’ என்று பெயர் இடுவோம். “இது எங்கட நாற்சார் வீட்டில அப்பவே இருந்ததுதானே. அம்மம்மா வீட்டு முற்றம் இதைவிடப் பெரிசு.” உண்மைதான். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் நடுவே திறந்த முற்றம், சுற்றிவர விறாந்தை, மழைநீர் நான்கு பக்கத்தாலும் உள்ளே வடியும். அப்பவேயார் சொல்வது பிழையன்று. ஆனால் அந்த அம்மம்மா வீட்டு முற்றத்துக்கு மேலே தகரம் அடித்து ஹோல் ஆக்கியவர் யார் என்று கேட்டால் பேச்சு மாமா வீட்டுக் கலியாணத்துக்கு மாறிவிடும்.

காற்றுப் பச்சையின் கோயிற்பிரிவு கொட்டாஞ்சேனைப் பக்கம், கொச்சிக்கடையில் உள்ளது. பொன்னம்பலவாணேசர் கோயிலை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பொன்னம்பல முதலியார் கட்டுவித்தார். அவரது மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கருங்கல்லால் திருப்பணி செய்தார். கொழும்பில் வேறெந்தக் கோயிலும் இப்படி முழுக் கல்லாய் நிற்பதாகச் சொல்ல முடியாது. துறைமுகப் பக்கத்து லொறிப் புகையிலும் இரைச்சலிலும் இருந்து உள்ளே நுழைந்ததும் முதலில் மாறுவது வெளிச்சம், அடுத்தது தோலில் படும் காற்று. எண்ணெய் ஏறிக் கறுத்த தூணில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். காலை பதினொரு மணிக்கும் அது இரவின் குளிரை விடாமல் வைத்திருக்கும். தடித்த கல் வெயிலை மெதுவாகத்தான் உள்வாங்கும். அது உள்பக்கம் வந்து சேரும் நேரத்தில் பொழுது சாய்ந்துவிடும். எனினும் உண்மை சொல்லவேண்டும். கொழும்பின் இரவு வடமாகாணத்துப் பனிக்கால இரவுபோல் குளிராது; ஆகவே கல் முழுமையாகத் தணிவதில்லை. உயர்ந்த மண்டபமும் நீண்ட பிராகாரமும் காற்றுக்கு வழிவிடுவதால்தான் கல்லின் உதவி நமக்குத் தெரிகிறது. வெயிலில் கிடக்கும் வெளிக்கல்லோ வேறு சாதி. மதியத்தில் அதைச் சுற்றிவரும் பக்தர் பக்தியால் துள்ளுவதில்லை.

நமது உரைகல்லில் தேய்த்தால், மின்வெட்டுக் காலத்தில் வெளியே நின்றவரை உள்ளே இழுக்கும் கட்டடம் இதுவே. இதற்கு எவரும் பிளாற்றினம் கொடுக்கவில்லை. விண்ணப்பப் படிவத்தில் மூலவர் கையொப்பம் இடமாட்டார் என்பது காரணமாகலாம்.

காற்றுப் பச்சைக்கு எதிர்மறை ஒன்றுண்டு. அதைக் காற்றுக் களவு என்க. வெள்ளவத்தை ஒழுங்கைகள் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி நேரே ஓடுபவை. முன்பு பின்னேரக் கடற்காற்று அவற்றின் வழியே ஏறி வீதிவரை வந்தது. மரைன் டிரைவ் ஓரம் மாடிகள் வரிசையாக எழுந்தபின் முன்வரிசைக்கு முழுக்காற்று, பின்வரிசைக்கு முன்வரிசையின் முதுகு. பின்வரிசைக்காரர் ஏசி வாங்குகிறார். முன்வரிசை விளம்பரத்தில் ‘இயற்கைக் காற்றோட்டம்’ என்று எழுதியிருக்கும். யாருடைய காற்று என்று எழுதியிருக்காது. மழைநீர் சேகரிப்பை நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தில் 2007இல் புகுத்தினார்கள். காற்றுக்கும் அப்படி ஒரு பிரிவு வந்தால் வெள்ளவத்தையில் வழக்கறிஞர்களுக்கு நல்ல காலம்.

நான்காவது, இடம்பெயர்ந்த பச்சை. இவ்வகைக்கு ஒரே உறுப்பு. பத்திக் கலைஞரான ஈனா டி சில்வாவுக்காகப் பாவா 1960களின் தொடக்கத்தில் அல்பிரட் பிளேஸில் கட்டிய முற்ற வீடு. காணி கைமாறி இடிபடும் நிலை வந்தபோது, 2009 அளவில் அதைக் கல் கல்லாக, ஓடு ஓடாகக் கழற்றி இலக்கமிட்டு, பெந்தோட்டைக்குப் பக்கத்தில் லுணுகங்காவில் மறுபடி பூட்டினார்கள். சனம் இடம்பெயர்ந்து வீடு அங்கேயே நிற்பதைத்தான் நாம் கண்டிருக்கிறோம். வீடு இடம்பெயர்ந்ததைக் காண இதுவே வாய்ப்பு.

ஐந்தாவது, கட்டாயப் பச்சை. கொட்டாஞ்சேனை, புளூமெண்டல், ஜிந்துப்பிட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் இது காணப்படும். இங்கே தோட்டம் என்றால் ஒட்டிய சுவர்களும் ஒடுங்கிய நடைபாதையும் பொதுக் குழாயும் உள்ள குடியிருப்பு. மரம் இருந்தாலும் இருக்கும். ஒரு ஃபேன், ஒரு ரீவி, இரண்டு மூன்று பல்ப். மாதம் 30 யூனிட்டைத் தாண்டினால் வீட்டுக்குள் விசாரணை. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதம் ஏறியபின் விசாரணை இன்னும் கடுமை. தலைக்கு இவ்வளவு குறைந்த மின்சாரம் செலவழிக்கும் வீட்டை ராஜகிரியவில் தேடிக் காணமுடியாது. அதற்காக இதைப் போற்றிப் பாடவும் கூடாது. சீற் போட்ட கூரைக்குக் கீழே பகல் இரண்டு மணிக்கு உட்கார்ந்து பார்த்தவர் சிக்கனத்தைப் பற்றி உரையாற்ற மாட்டார்.

இத்தோட்டங்களிலிருந்து பல குடும்பங்களை உயர்ந்த தொடர்மாடிகளுக்கு மாற்றியிருக்கிறார்கள். 2001இல் வனாத்தமுல்லையில் சகஸ்புர 14 மாடியாக எழுந்தது தொடக்கம். பிறகு தெமட்டகொட, மட்டக்குளி என்று பெருகின. பல வீடுகள் ஏறத்தாழ 400 சதுர அடி. கூரை ஒழுகாது, வெள்ளம் வராது. அது பெரிய காரியம். ஆனால் வாசற்படியில் உட்கார்ந்து மீன்காரரோடு பேரம் பேசிய ஆச்சி இப்போது பத்தாம் மாடியில் லிஃப்ட் வேலை செய்யும் நாளுக்குக் காத்திருக்கிறார். முன்னர் அஃறிணையில் பச்சையாக இருந்தவர் உயர்திணைக்குப் போனதும் மோட்டருக்கும் லிஃப்டுக்கும் கட்டணம் கட்டுகிறார். இலக்கணத்தில் இதற்குத் திணை வழு என்று பெயர். திணை வழுவமைதி என்று சொல்லி மாநகரம் கடந்துபோகிறது.

ஆறாவது, ஈரப் பச்சை. இதில் கட்டடமே இல்லை, ஆயினும் மற்ற எல்லாக் கட்டடங்களும் இதன் தயவில் நிற்கின்றன. கொழும்பு சதுப்பின்மேல் எழுந்த நகரம். 2018 ஒக்டோபரில் டுபாயில் நடந்த ராம்சர் மாநாட்டில் உலகின் முதல் 18 ஈரநில நகரங்களுள் ஒன்றாகக் கொழும்புக்கும் பட்டம் கிடைத்தது. கோட்டேப் பக்கம் பெத்தகான ஈரநிலப் பூங்காவில் ஏறத்தாழ 18 ஹெக்டேயர் சதுப்புக்கு நடுவே பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். காலை ஆறரைக்குப் போனால் நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்துவதையும், தாமரைக்கோழி இலைமேல் நடப்பதையும் பார்க்கலாம். ஒன்பது மணிக்குப் போனால் திருமணத்துக்கு முந்திய படப்பிடிப்பைப் பார்க்கலாம். மீன்பிடிப் பூனையும் இந்தச் சதுப்புகளில் உண்டு; அது படப்பிடிப்புக்கு வராது.

சதுப்பின் வேலை மழைநீரை வாங்கி வைத்திருந்து மெதுவாக விடுவது. நிரப்பி வீடு கட்டினால் நீர் வேறு இடம் தேடும். 2010 நவம்பர் மழையில் அது தேடிப்போன இடங்களுள் ஒன்று நாடாளுமன்றம். தியவன்னா வாவி நடுவே பாவா எழுப்பி 1982இல் திறந்த அந்த அழகிய கூரைகளைச் சுற்றி வெள்ளம் நின்றது. சட்டம் இயற்றுவோர் வாசலுக்கே தண்ணீர் வந்தபின் ஈரநிலம் பற்றிய திட்டங்கள் வேகம் பிடித்தன. எந்த ஆய்வறிக்கையும் அவ்வளவு விரைவாக வாசிக்கப்பட்டதில்லை.

சதுப்புக்கு நேர்ந்த மற்றக் கதியையும் சொல்லாமல் விடமுடியாது. கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் புளூமெண்டலில் நகரத்துக் குப்பை பல வருடம் மலையாகக் குவிந்தது. நீதிமன்றம் தலையிட்டு 2009இல் அது நின்றதும் குப்பை மீதொட்டமுல்லைக்குப் போனது. அங்கே 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள் பின்னேரம், அந்த மேடு சரிந்து வீடுகளின்மேல் விழுந்தது. 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பசுமைத் தளம் பார்க்கக் கிளம்புவோர் இந்த இரண்டு இடத்தையும் பட்டியலில் சேர்க்கவேண்டும் என்பது என் துணிபு. இன்று நகரக் குப்பையில் ஒரு பகுதி கெரவலப்பிட்டியவில் எரிந்து மின்சாரமாகிறது. 2021இல் திறந்த அந்த ஆலையின் கொள்ளளவு 10 மெகாவாற்.

புறனடை

சூரியத் தகடு மேற்சொன்ன எவ்வகையிலும் அடங்காமல் நிற்கிறது. 2016இல் அரசாங்கமே கூரைக்குக் கூரை ஊக்குவித்தது. தனிவீட்டுக்காரர் போட்டுக்கொண்டார். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் மொட்டைமாடி எல்லாருக்கும் பொது. ஆகவே நிர்வாகக் குழுக் கூட்டத்தில் முதலில் யார் உடுப்புக் கொடியைக் கழற்றுவது என்பதிலேயே தேநீர் ஆறிவிடும். போட்டுக்கொண்டவருக்கும் ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. மின்கம்பியோடு இணைந்த சாதாரண சூரியத் தொகுதி, கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவர் உயிருக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். மின்கலம் இல்லாவிட்டால், மேலே வெயில் கொளுத்த கீழே ஃபேன் நிற்கும். 2025 ஏப்ரலில் இதன் மறுபக்கம் வந்தது. புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் பூட்டிக் கேள்வி குறைந்ததால், பகலில் தகடுகளை நிறுத்திவையுங்கள் என்று மின்சார சபை கேட்டுக்கொண்டது. சூரியன் லீவு எடுக்காத குறை.

அதே ஆண்டு பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியோடு தொடுபட்டதே காரணம் என்று அமைச்சர் சொன்னார். கட்டடங்களைப் பரிசோதிக்கப் பேரவைகளும் சபைகளும் பல உண்டு. கிளியர்பொயின்றையும் கொச்சிக்கடையையும் ஹெவ்லொக் சிற்றியையும் ஜிந்துப்பிட்டியையும் ஒரே நிமிடத்தில், கட்டணம் வாங்காமல், ஒரே உரைகல்லில் தேய்த்துப் பார்த்த பரிசோதகர் அந்தக் குரங்கார் ஒருவரே.

ஒழிபு

சுற்றிப்பார்ப்போர் சதுப்பிலிருந்து தொடங்குக. வெயில் ஏறமுன் அது முடியவேண்டும். மகாவலி கட்டடத்தை வெளியிலிருந்து பார்க்கவும் வேலைநாள் நல்லது, எத்தனை ஜன்னல் திறந்திருக்கிறது என்று எண்ணலாம். கொச்சிக்கடைக் கோயிலுக்கு நடை சாத்துமுன் போய்ச் சேர்க. வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையில் வேன் வேண்டாம் என்போர் மட்டக்குளி போகும் 155ஆம் இலக்க பஸ்ஸில் ஏறலாம். அதன் ஜன்னல்கள் திறக்கும், சிலவேளை மூடா. குடை கட்டாயம்.

மதியச் சாப்பாட்டுக்குச் சோற்றுப் பார்சல் வாங்குவோர் கவனிக்க: பொலித்தீன் லஞ்ச் சீற்றை 2017 செப்டெம்பரிலேயே தடைசெய்தாயிற்று. “வாழையிலையில கட்டுங்கோ அண்ணை” என்று சொன்னால் சந்தோசமாகக் கட்டித் தருவார்கள். இலை கிழியாமல் இருக்கக் கீழே ஒரு லஞ்ச் சீற் வைப்பார்கள்.